மதிப்பீட்டுப் பட்டையைத் திறப்பதா, மூடுவதா? இணையத்தில் சதுரங்கம் பார்க்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன் போட்டியின் பதினான்காவது ஆட்டத்தில், 55ஆவது நகர்த்தலாக டிங் லிரென் தமது யானையை மாற்றுக்கு முன்வைத்தபோது, இணையத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரே ஆட்டத்தைப் பார்க்கவில்லை. யார் எவ்வளவு முன்னிலையில் இருக்கிறார் என்பதை எஞ்சின் (சதுரங்க நிலைகளைக் கணக்கிடும் நிரல்) காட்டும் மதிப்பீட்டுப் பட்டையைத் திறந்து வைத்திருந்தவர்கள், அதுவரை சமநிலையில் கிடந்த பட்டை குகேஷின் பக்கம் ஒரேயடியாகச் சாய்ந்ததைக் கண்டு, காரணம் புரியும் முன்பே முடிவைத் தெரிந்துகொண்டார்கள். வர்ணனையை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு வர்ணனையாளரின் குரல் மாறியதுதான் முதல் சேதி. வெறும் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், மூலையில் முடங்கிக் கிடந்த வெள்ளை பிஷப்பும் இனி மாற்றப்பட்டே தீரும், எஞ்சும் சிப்பாய் ஆட்டம் கறுப்புக்கு வெற்றி என்பதைத் தாமாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. குகேஷே அந்த நொடியில் இந்த மூன்றாவது கூட்டத்தில்தான் இருந்தார். டிங்கின் பிழை தமக்கு உடனே தெரியவில்லை என்றும், வேறொரு யானை நகர்த்தலை ஆடிவிடும் நிலையில் இருந்ததாகவும் ஆட்டத்திற்குப் பின் அவர் கூறினார்.

இவற்றில் எது மேலான அனுபவம் என்பது அவரவர் ரசனை என்று விட்டுவிடலாம்தான். ஆயினும் நிதானமாக நீளும் ஒரு கிளாசிக்கல் ஆட்டத்திற்கு நான்கைந்து மணி நேரம் ஒதுக்கும் ஒருவர் இந்தக் கேள்விக்கு முன்கூட்டியே விடை வைத்திருப்பது நல்லது. பட்டையை ஒருமுறை பார்த்துவிட்டால் பார்க்காதவராக மாற முடியாது. நடைமுறையில் நம்முன் இருக்கும் வழிகள் நான்கு. பட்டை திரையிலேயே தெரியும் ஒளிபரப்பைப் பார்ப்பது ஒன்று. எஞ்சினைப் பாராமல் தம் மூளையால் யோசிக்கும் வர்ணனையாளர்களோடு சேர்ந்து பார்ப்பது இரண்டு. எஞ்சினை அணைத்துவிட்டுப் பலகையையும் கடிகாரத்தையும் மட்டும் பார்த்து, ஆட்டம் முடிந்த பிறகு எஞ்சினைத் திறப்பது மூன்று. மனிதர்கள் எப்படி ஆடுவார்கள் என்று கணிக்கும் வேறு வகை நிரலைத் துணைக்கு வைத்துக்கொள்வது நான்கு. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கிளாசிக்கல் ஆட்டங்களுக்கு இரண்டாவதும் மூன்றாவதும் கலந்த வழியே சிறந்தது, ஆனால் பட்டை இல்லாமல் பார்ப்பது வீண்வேலையாகிவிடும் சந்தர்ப்பங்களும் உண்டு, அவை சிறியவை அல்ல.

முதலில், பட்டை எதைச் சொல்கிறது என்பதில் தெளிவு வேண்டும். 1997இல் கேரி காஸ்பரோவை 3.5–2.5 என்ற கணக்கில் வென்ற டீப் புளூ, அந்த ஒரு வேலைக்காகவே ஐபிஎம் கட்டிய கணினி. இன்று கைப்பேசியில் இலவசமாக ஓடும் ஸ்டாக்ஃபிஷ் எஞ்சின் அதைவிடப் பன்மடங்கு வலிமையானது. 2020இல் வெளிவந்த அதன் பன்னிரண்டாம் பதிப்பிலிருந்து, ஜப்பானியச் சதுரங்கமான ஷோகிக்காக முதலில் உருவாக்கப்பட்ட ஒரு நரம்பு வலையமைப்பு முறை அதில் சேர்ந்து, அதன் மதிப்பீடு மேலும் கூர்மையாகிவிட்டது. ஆகவே பட்டையின் தீர்ப்பு சரியா என்ற விவாதத்திற்கு இப்போது பெரிதாக இடமில்லை. யாருக்கான தீர்ப்பு என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. பட்டையில் வரும் எண் ஒரு காலத்தில் ‘ஒரு சிப்பாய் அளவு முன்னிலை’ என்ற பொருளில் வாசிக்கப்பட்டது. 2022 டிசம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 15.1 முதல், +1 என்பது வெற்றி வாய்ப்பு ஐம்பது சதவீதம் உள்ள நிலையைக் குறிக்கும்படி அளவுகோல் மாற்றப்பட்டிருக்கிறது. அந்த ஐம்பது சதவீதமும் ஸ்டாக்ஃபிஷ் தனக்கு நிகரான எஞ்சினோடு ஆடினால் கிடைப்பது. கடிகாரத்தில் நான்கு நிமிடம் மீதமிருக்க, வியர்த்த கையோடு உட்கார்ந்திருக்கும் மனிதருக்குக் கிடைப்பதன்று.

இணையத்தில் சதுரங்கம் ஆடவும் பார்க்கவும் உதவும் லிசெஸ் தளம் இந்தச் சிக்கலை ஓரளவு உணர்ந்து, மனிதர்கள் ஆடிய ஆட்டங்களின் தரவைக் கொண்டு எஞ்சின் எண்ணை வெற்றி வாய்ப்பாக மாற்றும் ஒரு சூத்திரத்தைப் பயன்படுத்துகிறது. அதன்படி கணக்கிட்டால் +1 என்பது ஏறத்தாழ 59 சதவீதம், +3 என்பது 75, +5 என்பது 86, +8 என்பது 95. எண் 0இலிருந்து 3க்கு ஏறும்போது வாய்ப்பு இருபத்தைந்து புள்ளிகள் உயர்கிறது. 5இலிருந்து 8க்கு ஏறும்போது ஒன்பது புள்ளிகள்தான். இந்த வளைவு மனத்தில் இல்லாதவர், ஏற்கெனவே வென்றுவிட்ட நிலையில் +8 எண் +5 ஆனதைப் பார்த்து ‘பெரிய பிழை’ என்று கூச்சலிடுவதும், சமநிலையிலிருந்து +0.8க்கு நகர்ந்த உண்மையான திருப்புமுனையைக் கவனியாமல் விடுவதும் அடிக்கடி நடக்கிறது. ஆகவே பட்டையோடுதான் பார்ப்பேன் என்பவர், சிப்பாய்க் கணக்கைக் காட்டும் பட்டையைவிட வெற்றி வாய்ப்பைச் சதவீதமாகக் காட்டுவதைத் தேர்ந்தெடுப்பது மேல்.

இன்னொரு நடைமுறைத் தொல்லை, ஒரே நிலைக்கு ஒவ்வொரு தளமும் ஒவ்வோர் எண்ணைக் காட்டுவது. எஞ்சின் எவ்வளவு ஆழம் தேடியிருக்கிறது, உங்கள் உலாவியிலேயே ஓடுகிறதா அல்லது எங்கோ உள்ள பெரிய கணினியில் ஓடுகிறதா, எந்தப் பதிப்பு என்பவற்றைப் பொறுத்து மதிப்பீடு மாறும். புதிய நகர்த்தல் வந்த முதல் சில நொடிகளில் கைப்பேசி எஞ்சின் காட்டும் எண்ணை நம்பி நண்பர்களுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, அரை நிமிடம் கழித்து அது மாறியதைக் கண்டு விழிப்பவர்கள் உண்டு. அரண் போன்ற நிலைகளில், அதாவது ஒரு பக்கம் காய்பலம் கூடுதலாக இருந்தும் உடைத்து உள்ளே போக வழியே இல்லாத நிலைகளில், எஞ்சின் நெடுநேரம் முன்னிலை காட்டிக்கொண்டே இருக்கும். பலகையைப் பார்க்கும் அனுபவசாலிக்கு அது டிரா என்று அதற்குள் தெரிந்துவிடும்.

இவ்வளவு குறை சொன்ன பிறகு பட்டையின் பெருமையையும் சொல்ல வேண்டும். 2024 ஏப்ரலில் டொராண்டோவில் நடந்த, உலக சாம்பியனுக்குச் சவால் விடுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் தொடரின் கடைசிச் சுற்றை அது இல்லாமல் நம்மில் எத்தனை பேரால் பின்தொடர்ந்திருக்க முடியும்? குகேஷ் தமது ஆட்டத்தை ஹிகாரு நகமுராவுடன் டிரா செய்து 9 புள்ளிகளோடு காத்திருந்தார். ஃபேபியானோ கருவானாவுக்கும் இயான் நெபோம்னியாச்சிக்கும் நடந்த ஆட்டம் டிரா ஆனால் குகேஷ் உலக சாம்பியனுக்குச் சவால் விடுவார். யாரேனும் ஒருவர் வென்றுவிட்டால் குகேஷோடு சமநிலை முறிப்பு ஆட்டம் ஆட வேண்டிவரும். அந்த ஆட்டம் நூறு நகர்த்தல்களைக் கடந்து நீண்டது. கருவானா வெற்றியை நெருங்குவதும் நழுவவிடுவதுமாக இருக்க, பட்டை ஏறி ஏறி இறங்கியது. குகேஷ் அதைத் தொடர்ந்து பார்க்க மாட்டாமல் தம் பயிற்சியாளர் கஜேவ்ஸ்கியுடன் நடக்கப் போய்விட்டதாகப் பின்னர் சொன்னார். சதுரங்கத்தின் நுட்பம் அதிகம் அறியாத பல்லாயிரம் பேர் அன்று இரவு முழுக்க விழித்திருந்ததற்குப் பட்டையே காரணம். கிரிக்கெட்டில் ரன் கணக்கு செய்யும் வேலையை இங்கே அது செய்தது. ஆட்டம் தெரியாதவரையும் ஆட்டத்தின் பதற்றத்திற்குள் இழுத்துக்கொண்டது.

பல பலகைகள் ஒரே நேரத்தில் ஓடும் குழுப் போட்டிகளிலும் பட்டைக்கு மாற்று இல்லை. 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த ஒலிம்பியாடை எடுத்துக்கொள்வோம். பொதுப் பிரிவில் மட்டும் இந்தியா மூன்று அணிகளை இறக்கியது. ஒவ்வோர் அணிக்கும் நான்கு பலகைகள். அவற்றோடு பெண்கள் அணிகள். இத்தனை பலகைகளையும் ஒரு மனிதர் தம் கண்ணால் மதிப்பிட்டுப் பின்தொடர்வது இயலாது. பட்டைகளை வரிசையாக ஓர் ஓட்டம் பார்த்து, எங்கே சூடு பிடிக்கிறதோ அந்தப் பலகைக்குள் நுழைவதே அறிவுடைமை. பத்தாவது சுற்றில் இந்தியாவின் இரண்டாம் அணி உஸ்பெகிஸ்தானை எதிர்கொண்டபோது, முதல் எட்டு ஆட்டங்களையும் தொடர்ந்து வென்றிருந்த குகேஷ், நோடிர்பெக் அப்துசத்தோரோவுக்கு எதிராக வெல்லும் நிலையில் இருந்தார். பிறகு ஒரு பிழையில் ஆட்டத்தையே இழந்தார். போட்டி 2–2 என முடிந்தது. உஸ்பெகிஸ்தான் தங்கமும் இந்தியாவின் இரண்டாம் அணி வெண்கலமும் பெற்றதில் அந்த ஒரு பலகைக்கு இருந்த பங்கை உடனுக்குடன் உணர வைத்தவை அணிக் கணக்கும் பட்டையும் சேர்ந்த திரைதான்.

பிளிட்ஸ் ஆட்டங்களுக்கு நீண்ட ஆலோசனை தேவையில்லை. மூன்று நிமிட ஆட்டத்தில் பார்வையாளர் யோசிப்பதற்குள் நான்கு நகர்த்தல்கள் போய்விடும். பட்டையைத் திறந்தே வைத்துக்கொள்ளுங்கள்.

கிளாசிக்கல் ஆட்டத்தில் நிலைமை வேறு. அங்கே பட்டை நம்மிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது என்பதற்கு 2014 நவம்பரில் சோச்சியில் நடந்த உலக சாம்பியன் போட்டியின் ஆறாவது ஆட்டத்தைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. போட்டி 2.5–2.5 எனச் சமமாக நின்றது. வெள்ளைக் காய்களோடு நல்ல நிலையில் இருந்த மேக்னஸ் கார்ல்சன் 26ஆவது நகர்த்தலில் ராஜாவைத் தவறான கட்டத்திற்குக் கொண்டுபோனார். விஸ்வநாதன் ஆனந்த் தமது குதிரையால் நடுப்பலகைச் சிப்பாயை எடுத்திருந்தால், அடுத்தடுத்த இரண்டு செக்குகளின் பலனாக இரண்டு சிப்பாய்கள் முன்னிலை பெற்றிருப்பார். எஞ்சினைத் திறந்து வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் இது அந்தக் கணமே தெரிந்தது. ஆனந்தோ ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினார், கார்ல்சன் ஆட்டத்தை வென்றார், இறுதியில் 6.5–4.5 என்று பட்டத்தையும் தக்கவைத்தார். எதிர்பாராத பரிசை மனிதர் சில வேளைகளில் கையில் வாங்குவதே இல்லை என்ற பொருளில் ஆனந்த் பின்னர் பேசினார்.

அந்த நாளில் சென்னையிலும் பிற ஊர்களிலும் பட்டையோடு பார்த்தவர்கள் அனுபவித்தது எரிச்சல்: ‘எனக்கே தெரிகிறது, இவருக்குத் தெரியவில்லையே’ என்ற எரிச்சல். அவர்களுக்கும் தெரியவில்லை, எஞ்சினுக்குத்தான் தெரிந்தது என்பதை அந்தக் கோபம் மறைத்துவிட்டது. பட்டை இல்லாமல் பார்த்திருந்தால் அவர்களில் பெரும்பாலோர் கார்ல்சனின் நகர்த்தலை இயல்பானதென்றும் ஆனந்தின் பதிலைத் திட்டத்தின் தொடர்ச்சி என்றுமே எடுத்துக்கொண்டிருப்பார்கள். அதாவது இரு வீரர்களும் எந்த மனநிலையில் இருந்தார்களோ அதே மனநிலையில் பார்வையாளரும் இருந்திருப்பார். ஆட்டம் முடிந்து உண்மை வெளிவரும்போது எழுந்திருக்கும் திகைப்பு, ஆட்டத்தின் ஒரு பகுதியாகவே நினைவில் நின்றிருக்கும். ஒரு வல்லுநர் தவறவிட்டதைப் பார்த்து ஏளனம் செய்யும் பழக்கத்தை நம்மிடம் வளர்த்ததுதான் பட்டை செய்த பெரிய தீங்கு என்று நான் கருதுகிறேன். இதைச் சற்றுக் கடுமையான தீர்ப்பு என்று சிலர் சொல்லக்கூடும்.

2018 லண்டன் போட்டியின் ஆறாவது ஆட்டம் இதே கேள்வியை மறுமுனையிலிருந்து எழுப்புகிறது. கார்ல்சனுக்கு எதிராகக் கறுப்புக் காய்களோடு ஆடிய கருவானாவுக்கு 68ஆவது நகர்த்தலில் ஒரு வெற்றி வழி இருப்பதாகப் பெருங்கணினி அறிவித்தது. முப்பதுக்கும் மேற்பட்ட நகர்த்தல்களில் செக்மேட். அந்த வழியில் கறுப்பு தன் பிஷப்பை ஒதுங்கிய கட்டத்திற்கு அனுப்பி, பிறகு தன் குதிரையைத் தானே பலகையின் விளிம்பில் வெளியேற முடியாதபடி சிறைவைக்க வேண்டும். அதைக் கருவானா ஆடியிருந்தால், ஏதோ கருவியை மறைத்துவைத்து ஏமாற்றுகிறாரோ என்று உடனே உலோகங்கண்டறி கருவியைக் கொண்டுவரச் சொல்லியிருப்பார்கள் என்று காஸ்பரோவ் கேலியாக எழுதினார். கருவானா ஆடவில்லை, 80 நகர்த்தல்களில் ஆட்டம் டிரா ஆனது. சோச்சியில் தவறவிடப்பட்டது ஒரு நல்ல கிராண்ட்மாஸ்டர் கண்டிருக்கக்கூடிய உத்தி. லண்டனில் தவறவிடப்பட்டதை எந்த மனிதரும் கண்டிருக்க மாட்டார். பட்டையின் கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரி: வெற்றி நிலை நழுவியது, பிழை. இந்த வேறுபாட்டைச் சொல்லும் ஆற்றல் பட்டைக்கு இல்லை. அருகில் ஒரு மனிதர் இருந்து சொன்னால்தான் உண்டு.

இது சதுரங்கத்தோடு நின்றுவிடும் சங்கதியும் இல்லை. ஜப்பானில் ஷோகி ஒளிபரப்புகளில் இரு வீரர்களின் வெற்றி வாய்ப்பும் சதவீதமாகத் திரையில் ஓடுவது வழக்கமாகிவிட்டது. 2023 அக்டோபர் 11 அன்று ஓசா பட்டத்திற்கான நான்காம் ஆட்டத்தில் டகுயா நாகசேவின் வாய்ப்பு 99 சதவீதம் என்று காட்டப்பட்ட நிலையில், ஒரு நகர்த்தலுக்கு ஒரு நிமிடமே உள்ள நெருக்கடியில் அவர் பிழை செய்ய, சோட்டா ஃபுஜி அந்த ஆட்டத்தை வென்று எட்டுப் பெரும் பட்டங்களையும் ஒருசேரக் கைப்பற்றினார். தாம் செய்ததை உணர்ந்த நாகசே தலைமுடியைப் பிய்த்துக்கொண்டதை நேரலையில் எல்லோரும் பார்த்தார்கள். அந்த 99, வெற்றி இருக்கிறது என்பதைச் சரியாகவே சொன்னது. அந்த வெற்றிக்குப் போகும் பாதை எவ்வளவு ஒடுக்கமானது, ஒரு நிமிடத்தில் அதைக் காண்பது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லவில்லை.

இனி இரண்டாவது வழி. எஞ்சினைப் பாராத வர்ணனையின் தரம் முழுக்க முழுக்க வர்ணனையாளரின் தரத்தைப் பொறுத்தது என்பதால், இதைப் பொதுவாகப் பரிந்துரைக்க முடியாது. 2021இல் துபாயில் நடந்த உலக சாம்பியன் போட்டிக்கு ஆனந்த் வர்ணனை செய்ததுபோல், அந்த நாற்காலியில் உண்மையாகவே உட்கார்ந்து ஆடிய ஒருவர் பேசும்போது நமக்குக் கிடைப்பது விடை மட்டுமன்று; விடையைத் தேடும் முறையும் கிடைக்கிறது. எந்த நகர்த்தல் முதலில் கண்ணில் படும், அதை ஏன் ஒதுக்க வேண்டும், போட்டியில் ஒரு புள்ளி பின்தங்கியிருப்பவர் எந்த மாதிரி நிலையை விரும்புவார், ஆட்டத்திற்கு முன்பே செய்துவைத்த தயாரிப்பு எந்த இடத்தில் முடிந்து சொந்த யோசனை தொடங்கியிருக்கும் என்பன போன்றவை எந்தப் பட்டையிலும் வாரா. வர்ணனையாளர் தவறாகக் கணிப்பதும் இதில் ஒரு லாபமே. பெரிய வீரர் ஒருவர் ‘இது கறுப்புக்கு எளிது’ என்று சொல்லி, ஐந்து நிமிடம் கழித்து ‘இல்லை, எளிதில்லை’ என்று திருத்திக்கொள்ளும்போது, அந்த நிலை ஏன் ஏமாற்றக்கூடியது என்பது நமக்குப் புரிகிறது.

ஆனால் இந்த வழியின் போலி வடிவம் ஒன்று பரவலாக இருக்கிறது. அதைத் தவிர்க்க வேண்டும். எஞ்சின் காட்டும் முதல் நகர்த்தலை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, அதைத் தம் கண்டுபிடிப்புபோல் வாசிக்கும் வர்ணனைதான் அது. அடையாளம் காண்பது கடினமில்லை. இத்தகையவர்கள் ஒருபோதும் தவறுவதில்லை. ஒரு நகர்த்தலைச் சொல்வார்கள், அதற்கு முன் எவற்றை ஒதுக்கினார்கள் என்று சொல்ல மாட்டார்கள். வீரர் வேறொன்றை ஆடினால் அந்த வேறொன்றுக்குப் பின்னால் என்ன எண்ணம் இருந்திருக்கும் என்று விசாரிக்காமல் ‘துல்லியமில்லை’ என்று கடந்துபோவார்கள். அப்படிப்பட்ட வர்ணனையைக் கேட்பதைவிடப் பட்டையையே நேராகப் பார்ப்பது நேர்மையானது.

மூன்றாவது வழி, வெறும் பலகை. இதைப் பலர் வறண்ட அனுபவம் என்று நினைப்பதற்குக் காரணம், பலகைக்குப் பக்கத்தில் ஓடும் கடிகாரத்தை அவர்கள் படிக்கப் பழகாததுதான். சிங்கப்பூர் போட்டியின் விதிப்படி முதல் 40 நகர்த்தல்களுக்கு ஒவ்வொருவருக்கும் 120 நிமிடம். அதுவரை ஒரு நகர்த்தலுக்குக்கூடக் கூடுதல் நொடிகள் சேராது. 40க்குப் பிறகு 30 நிமிடமும், நகர்த்தலுக்கு 30 நொடியும் கிடைக்கும். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் கடிகாரமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். ஒருவர் பத்துப் பன்னிரண்டு நகர்த்தல்களை மளமளவென்று ஆடுகிறார், எதிராளி ஐந்தாவது நகர்த்தலிலேயே இருபது நிமிடம் உட்கார்ந்துவிட்டார் என்றால், யாருடைய தயாரிப்புக்குள் ஆட்டம் போய்க்கொண்டிருக்கிறது என்பது தெளிவு. அப்போது பட்டை 0.2 என்று காட்டிக்கொண்டிருக்கும். உண்மையில் ஒருவர் நிம்மதியாகவும் மற்றவர் இருட்டிலும் இருப்பார்கள்.

சிங்கப்பூர்ப் போட்டியின் மூன்றாம் ஆட்டத்தில் டிங் நேரம் முடிந்துபோய்த் தோற்றார். நிலையும் அதற்குள் கெட்டிருந்தது. பதினொன்றாம் ஆட்டத்தில் குகேஷ் தேர்ந்தெடுத்த தொடக்கத்தில் இருவருமே ஆரம்பத்திலேயே நேரத்தின் பெரும்பகுதியைச் செலவிட்டுவிட்டார்கள். பிறகு நேர நெருக்கடியில், 28ஆவது நகர்த்தலில், டிங் ராணியைப் பின்னால் இழுக்க, அடுத்த நகர்த்தலில் குகேஷ் தம் ராணியையே கொடுத்துக் குதிரையை எடுத்தவுடன் ஆட்டம் முடிந்தது. பட்டையோடு பார்த்தவருக்கு இது ஒரு நொடி விபத்து. கடிகாரத்தோடு பார்த்தவருக்கு அது ஒரு மணி நேரமாக நெருங்கிவந்துகொண்டிருந்த விபத்து.

இந்த வழிக்கு ஒரு விலை உண்டு. பலகையில் நடப்பதை ஓரளவேனும் தாமாக மதிப்பிடத் தெரியாதவருக்கு இரண்டு மணி நேரத்திற்குப் பின் சலிப்புத் தட்டும். அது அவருடைய குற்றமில்லை. காய்களின் நகர்த்தல் விதிகளும் சில தொடக்கங்களின் பெயர்களும் மட்டும் அறிந்தவர் வெறும் பலகையோடு போராட வேண்டியதில்லை. அவருக்கு ஏற்றது, பேசத் தெரிந்த ஒரு கிராண்ட்மாஸ்டரின் வர்ணனையும், அரை மணிக்கு ஒருமுறை பட்டையை எட்டிப்பார்ப்பதும்.

நான்காவது வழி இன்னும் பரவலாகவில்லை என்றாலும் எனக்கு மிகவும் சுவையாகத் தோன்றுவது. லிசெஸில் மனிதர்கள் ஆடிய ஆட்டங்களை மட்டும் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டு, 2020இல் அறிமுகமான மாயா என்ற நிரல், சிறந்த நகர்த்தலைத் தேடுவதில்லை; வீரர்களின் பலத்தை அளக்கும் தரப்புள்ளிகளில் 1100 முதல் 1900 வரையிலான ஒவ்வொரு மட்டத்திலும் ஒரு மனிதர் எந்த நகர்த்தலை ஆடக்கூடும் என்று கணிக்கிறது. ஸ்டாக்ஃபிஷ் சொல்லும் நகர்த்தலையும் மாயா சொல்லும் நகர்த்தலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த இடத்தில் நிலை மனிதர்களுக்குப் பொறி வைத்திருக்கிறது என்பது தெரிகிறது. லண்டன் ஆட்டத்தைப் பற்றி முன்பு சொன்ன குறையை இது ஓரளவு ஈடுசெய்யும். உலகத்தரக் கிராண்ட்மாஸ்டர்களின் மட்டம் இதற்கு எட்டாது என்பது உண்மை. ஆனாலும் பார்வையாளராகிய நாம் எங்கே தடுக்கி விழுந்திருப்போம் என்பதை அறிய 1900 மட்டமே போதுமானது.

இதனோடு சேர்த்து இறுதியாட்ட அட்டவணைகளையும் சொல்ல வேண்டும். ராஜாக்களையும் சேர்த்துப் பலகையில் ஏழு காய்கள் அல்லது அதற்குக் குறைவாக இருக்கும் நிலைகள் அனைத்திற்கும் சரியான முடிவு கணக்கிடப்பட்டுவிட்டது. அந்த அட்டவணைகளை இணையத்தில் எவரும் பார்க்கலாம். 2021 துபாய்ப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் கார்ல்சனும் நெபோம்னியாச்சியும் ஏழே முக்கால் மணி நேரம், 136 நகர்த்தல்கள் ஆடினார்கள். கடைசிக் கட்டத்தில் கார்ல்சனிடம் யானையும் குதிரையும் இரு சிப்பாய்களும், எதிரில் ஒற்றை ராணி. 130ஆவது நகர்த்தலில் ராணியைத் தவறான கட்டத்தில் வைக்கும் வரை அது டிரா நிலை என்று அட்டவணை சொல்கிறது. அதை ஆட்டத்தின்போதே திறந்து வைத்திருந்தவருக்கு, ‘டிரா, டிரா, டிரா’ என்ற ஒரே பதில்தான் நெடுநேரம் வந்துகொண்டிருந்திருக்கும்; களைத்துப்போன ஒரு மனிதர் மற்றொருவரை அங்குலம் அங்குலமாக நெருக்கியது அந்தப் பதிலில் தெரியாது. ஆட்டம் முடிந்த பின், 130க்கு முந்தைய பத்து நகர்த்தல்களில் ராணிக்கு எத்தனை கட்டங்கள் பாதுகாப்பாக இருந்தன என்று பார்ப்பதற்கு அட்டவணையைவிடச் சிறந்த ஆசிரியர் கிடையாது.

குழந்தைகளைச் சதுரங்க வகுப்புக்கு அனுப்பும் பெற்றோருக்கு மட்டும் சற்றுக் கண்டிப்பாகவே சொல்ல விரும்புகிறேன்: பிள்ளை கிளாசிக்கல் ஆட்டம் பார்க்கும்போது பட்டையை மூடிவையுங்கள். நீண்ட யோசனை நடக்கும் நகர்த்தல்களில் ‘நீயாக இருந்தால் என்ன ஆடுவாய், ஏன்?’ என்று கேட்டுத் தாளில் எழுதச் சொல்லுங்கள். குகேஷை உருவாக்கியதில் பெரும்பங்கு வகித்த விஷ்ணு பிரசன்னா அவரை நெடுங்காலம் எஞ்சினின் துணையின்றியே பயிற்றுவித்தார் என்பது நன்கறிந்த செய்தி; எல்லாப் பிள்ளைக்கும் அந்த முறை பொருந்தும் என்று நான் வாதிடவில்லை, ஆனால் பார்வையாளராக இருக்கும் அந்த மூன்று மணி நேரத்திலாவது அது பொருந்தும். ஆட்டம் முடிந்த பின் எஞ்சினைத் திறக்கும்போதும் ஒரு வழியை மட்டும் பார்க்காமல் மூன்று வழிகளைக் காட்டும்படி அமைத்துக்கொள்வது நல்லது. முதல் வழிக்கும் மூன்றாம் வழிக்கும் இடையே எண்ணில் பெரிய இடைவெளி இல்லை என்றால், வீரர் ஆடியது பிழையே இல்லை, விருப்பத் தேர்வு என்று பிள்ளைக்குப் புரியும். இடைவெளி பெரிதாக இருந்தால் அதுதான் நின்று யோசிக்க வேண்டிய இடம்.

கடைசியாக, அமைப்பு முறை பற்றி. லிசெஸ், செஸ்.காம் போன்ற தளங்களில் நேரடி ஆட்டப் பக்கத்திலேயே எஞ்சினை அணைத்து வைக்கலாம். யூடியூப் ஒளிபரப்புகளில் பட்டை காணொளியின் படத்திலேயே பதிந்து வருவதால் அதை அணைக்க வழியில்லை. அங்கே காணொளிச் சாளரத்தைச் சுருக்கி ஒலியை மட்டும் கேட்டுக்கொண்டு, பலகையை வேறு தளத்தில் எஞ்சினின்றித் திறந்துகொள்வதே எளிய வழி. இப்படிச் செய்யும்போது நகர்த்தல்கள் பலகையில் முதலில் வந்து, வர்ணனை சிறிது பின்தங்கி வரும். அந்த இடைவெளி உங்களுக்கு உதவியாகவே இருக்கும், வர்ணனையாளர் வாய் திறப்பதற்குள் நீங்கள் ஒரு நகர்த்தலை யோசித்துவிடலாம். நேரலை அரட்டைப் பகுதியையும் மூடிவிடுங்கள், ஏனென்றால் பட்டையை மறைத்துவிட்டு அரட்டையைத் திறந்து வைத்தால் பட்டையின் எண்களை ஆயிரம் பேர் ஒருசேரக் கத்திச் சொல்லிவிடுவார்கள்.